எங்கள் மிளகும் உங்கள் தலையங்கமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அண்டை நாடுகளோடு வர்த்தகம் பெருக வேண்டும் என்ற உங்கள் தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். பெருகட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இறக்குமதியால் எங்கள் விலை விழுகிறது என்று விவசாயிகள் சொல்வதை 'முணுமுணுப்பு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்களே, அதுதான் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

கொல்லிமலையில் எனக்கு இரண்டு ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி முப்பது வருடமாகிறது. 2018 மாசியில் மிளகு பறிக்கும்போது என் தம்பி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த மிளகைத்தான் காயவைத்து, தூற்றி, விற்க எடுத்துப் போனேன். வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். லிட்டர் படியில் நிரப்பித் தராசில் வைத்தார். 550 கிராம் நின்றது. ஒரு லிட்டர் மிளகு எவ்வளவு கனமோ அவ்வளவு தரம். "சரக்கு நல்ல சரக்குதான் அண்ணே, கொழும்பு மிளகு இறங்கியிருக்கே" என்றார். இரண்டு வருடம் முன்பு கிலோ 700 வரை போனது, அன்று 400கூட வரவில்லை. என்ன விலை போச்சு என்று படுத்த படுக்கையில் தம்பி கேட்டான். 500 என்று பொய் சொன்னேன்.

கொழும்பிலிருந்து வந்ததெல்லாம் இலங்கையில் விளைந்ததா? 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை தடையில்லா வர்த்தக ஒப்பந்தப்படி வருடத்துக்கு 2,500 டன் இலங்கை மிளகு இறக்குமதித் தீர்வை இல்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு நேராக வந்தால் ஏறத்தாழ 50 சதவீதம் தீர்வை. அதனால் வியட்நாம் சரக்கைக் கொழும்பில் இறக்கி, இலங்கை விளைச்சல் என்று சான்று வாங்கி இங்கே தள்ளினார்கள். இலங்கையில் மாத்தளை, கண்டிப் பக்கம் மிளகு போடுகிறவர்களுக்கும் இதில் நஷ்டம்தான். அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2017 டிசம்பரில் நம் அரசே சொன்னது. நாங்கள் சொன்னதில் உண்மை இல்லாமலா? அதன் பிறகும் 350க்கு விற்றிருக்கிறேன்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பு வனஸ்பதியும் இப்படித்தான் வந்தது. வெளிநாட்டுப் பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுபோய், அங்கே வனஸ்பதியாக்கி, அதே ஒப்பந்தத்தைக் காட்டி இங்கே அனுப்பினார்கள். அப்போதும் உங்களுக்கு எழுதினேன், பிரசுரிக்கவில்லை. கொடிகளில் வாடல் நோய் வந்து பாதித் தோட்டம் அழிந்த வருடமும் எழுதினேன். அதுவும் வரவில்லை. இருபது வருட வாசகன் நான், அப்புறமும் பத்திரிகையை நிறுத்தவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தங்கம் விலை தினமும் போடுகிறீர்கள். வாரம் ஒரு நாள் மிளகு விலையும் போடுங்கள். விலை தெரியாமலேதான் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிறோம். மூட்டையைத் திரும்ப மேலே ஏற்ற வண்டி வாடகைக்கு வழியில்லாமல், வியாபாரிகள் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மிளகு விவசாயி,
கொல்லிமலை.