அந்தத் தபாலை நான் போடவில்லை, அக்கா

அக்கா,

2025 ஜூலை 25ஆம் தேதி நீ அனுப்பிய குரல் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "கவிஞர் சல்மா ராஜ்யசபால பதவி ஏத்துக்கிட்டாங்கடா, டிவில பாத்தியா? நம்ம துவரங்குறிச்சிப் பொண்ணு." உன் மகள் பாஸானபோதுகூட உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய்: "எனக்கெல்லாம் அந்தத் திறமை இல்ல. அப்பவே பத்திரிகைக்காரங்க சொல்லிட்டாங்கல்ல."

அவர்கள் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

இதைச் சொல்ல நேரில் இரண்டு முறை வந்தேன். நீ மீன்குழம்பு ஊற்றினாய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். உனக்குத் திறமை இல்லை என்பதை நீ நம் வீட்டு விசேஷங்களில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாய். மறுப்பும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும்.

1996. உன் நிக்காஹ்வுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. எனக்கு 15 வயது. அஸர் தொழுகைக்கு அத்தா கிளம்பிப் போனதும் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, பழுப்பு உறை ஒன்றை என் சட்டைக்குள் செருகினாய். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாய். தபால்தலைக்குக் காசு கொடுத்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு பெட்டில போடு, நம்ம தெருப் பெட்டில போடாத" என்றாய். சைக்கிளில் போகும்போது அந்த உறை வயிற்றில் உரசிக்கொண்டே வந்தது. வாய்க்கால் பாலத்தில் நிறுத்தினேன். பருக்கை இன்னும் காயவில்லை, அக்கா. கொஞ்சம் காய்ந்திருந்தால், பிரித்தால் தெரிந்துவிடும் என்று பயந்து அப்படியே போட்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் இதை எத்தனை முறை நினைத்திருக்கிறேன் தெரியுமா?

நான்கு பக்கம், மூன்று கவிதைகள். இரண்டாவதில் அத்தா இருந்தார். என்ன இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும். அவர் 2011இல் போய்விட்டார், அவரால் பதில் சொல்ல முடியாது. மூன்றாவதில் நீ பார்த்தே இராத மாப்பிள்ளை இருந்தார். மச்சானும் இதைப் படிப்பார் என்பதால் அதையும் விடுகிறேன். கீழே நீ வைத்துக்கொண்ட புனைபெயர். அது இதுவரை வெளியே வரவில்லை, வரவும் வேண்டாம்.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பெயரை மாற்றினால் மட்டும் நம் வீட்டை யாருக்கும் அடையாளம் தெரியாதா என்று தோன்றியது. அச்சாகி யாராவது கண்டுபிடித்தால் நிக்காஹ் நிற்கும், அத்தா பள்ளிவாசலுக்கு எப்படிப் போவார் என்றெல்லாம் நினைத்தேன். கிழித்து வாய்க்காலில் போட்டுவிட்டேன்.

அதோடு விட்டேனா? தினமும் "தபால் வந்துச்சா?" என்று நீ கேட்டாய். கல்யாணமாகி முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதும் நகையைக் கழற்றி வைப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டாய். எனக்குத் தாங்கவில்லை. "வந்துச்சுக்கா. நல்லா இல்லைன்னு எழுதியிருந்தாங்க. நீ கஷ்டப்படுவேன்னு கிழிச்சிட்டேன்" என்றேன். நீ "சரி" என்றாய். அப்புறம் நீ எழுதவே இல்லை.

சல்மாவின் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 13 வயதில் பள்ளியை நிறுத்தியதையும், மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்ததையும், கல்யாணத்துக்குப் பிறகு கழிப்பறைக்குள் நின்று எழுதியதையும் நீ எனக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டாய். நான் அந்தக் கதையில் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் அம்மாவை. மகளைப் பார்க்க வரும்போது கவிதைகளை மறைத்து வெளியே கொண்டுபோய் அனுப்பியவர் அவர்தான். 2000இல் காலச்சுவடு பதிப்பகம் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பை வெளியிட்டபோது, சல்மா என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்த ராஜாத்தி என்ற பெண்ணை யாருக்கும் தெரியாது, சல்மாவைத் தெரிந்தது. அந்தப் புத்தகத்தை மதுரையில் வாங்கி பஸ்ஸில் வைத்துப் படித்தேன். கை நடுங்கியது. ஒரு கவிதை வெளியே வர எழுதுகிறவர் மட்டும் போதாது, தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். உனக்கு அந்த ஆள் நான்.

பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினாட்டோ 2013இல் சல்மாவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் அந்த அம்மாவும் வருகிறார். மகளை வீட்டுக்குள் வைத்திருந்த குடும்பத்தில் அவரும் ஒருவர், கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்ததில் அவருக்கும் பங்குண்டு. ஆனாலும் தபாலைப் போட்டார். பயம் அவருக்கும் இருந்திருக்கும்தானே. இந்த இடத்தில்தான் என் நியாயமெல்லாம் உடைந்துபோகிறது.

இருந்தாலும் சொல்கிறேன். 2003இல் சல்மாவையும் குட்டி ரேவதியையும் மாலதி மைத்ரியையும் சுகிர்தராணியையும் ஆபாசமாக எழுதுகிறார்கள் என்று ஏசினார்களே, அப்போது நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இதிலிருந்து உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

நம் மக்களைக் குறை சொல்வதற்கு இதை எடுத்துக்கொண்டு போகக் காத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதுக்கு வந்ததும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திய வீடுகள் அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லாத் தெருவிலும் இருந்தன. கிழித்தது மார்க்கமோ ஜமாஅத்தோ கிடையாது, என் கை.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்து கொஞ்ச நாளில் வாங்கி வந்து கொடுத்தேன், ஞாபகம் இருக்கா? அரிசி டின்னுக்குள் வைத்து மூன்று ராத்திரியில் முடித்தாய். எப்படி இருக்கு என்றதற்கு, "இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே" என்றாய். அந்த நாவலைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. மூடிய வீட்டின் ரகசியம் வெளிவந்துவிட்டது என்றுதான் பலரும் எழுதினார்கள். நீ அதில் பார்த்தது நம் அடுப்படிப் பேச்சை, ஆம்பளைகள் இல்லாத நேரத்தில் பெரியம்மா அடிக்கிற கேலியை, நாவலில் வரும் சிறுமி ராபியாவின் கண்ணை. இப்படிப் படிக்கத் தெரிந்தவளுக்கா எழுதத் தெரியாது?

ஆனால் அக்கா, எனக்கும் கோபம் இருக்கிறது. ஒரே ஒரு தபால். ஒரு மறுப்பு. அதற்குள் விட்டுவிட்டாயே. சல்மாவைப் போல இன்னொரு வழி தேடியிருக்கலாமே. 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால்தான் வீட்டார் அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். திறந்த அந்தக் கதவு வழியாக அவர் எவ்வளவு தூரம் போனார்! 2006 சட்டமன்றத் தேர்தலில் மருங்காபுரியில் தோற்ற பிறகும் ஓய்ந்துவிடவில்லை. 'மனாமியங்கள்' நாவல் எழுதினார், இப்போது டெல்லி வரை போய்விட்டார். உனக்குப் பிள்ளைகள் வளர்ந்த பிறகாவது ஒரு நோட்டு கிடைக்கவில்லையா? அதோடு, 15 வயதுப் பையனிடம் அவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் கொடுத்தாய்?

இல்லை. இந்தப் பத்தியை அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன். மனதில் இருப்பதால் விட்டுவைக்கிறேன். கேட்க எனக்கு உரிமை கிடையாது.

இன்னொன்று. உறைக்குள், பத்திரிகைகள் கேட்பது போலவே, போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை ஒன்றும் வைத்திருந்தாய். வீட்டு முகவரிக்கு வந்தால் அத்தா பிரித்துவிடுவார் என்று என் நண்பன் வீட்டு முகவரியில் என் பெயரை எழுதியிருந்தாய். அதை மட்டும் கிழிக்கவில்லை. என் பெயரை நீ அவ்வளவு அழகாக எழுதி நான் பார்த்ததில்லை. இப்போதும் பீரோவில் இருக்கிறது.

முதல் கவிதையில் ஆறேழு வரிகள் ஞாபகம் இருக்கின்றன. கிணற்றடியும் உச்சிவெயிலும் வரும். ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று நீதான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். சாப்பாடு எதுவும் செய்யாதே. கதவைத் திறக்காவிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி