பைக்கற்றில் உள்ள நொதியம் எது? உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. போன கிழமை எங்கள் டவுன் பேக்கரிக்கு வந்த பரிசோதகர் ஈ வலையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். மாவில் கலக்கும் இம்ப்ரூவர் பைக்கற்றைக் காட்டி, "இதுக்குள்ள என்ன சார் இருக்கு?" என்று என் தம்பி கேட்டதற்கு, "கம்பெனிக்காரங்ககிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி விடியச்சாமம் பாணுக்கு மா பிசைகிறவன். இம்ப்ரூவரைக் கொட்டும்போது எழும் தூசு மூக்கில் ஏறினால் தும்மல், பிறகு இழுப்பு. லீவில் நின்றால் குறையும், வேலைக்குப் போனால் திரும்பவும் பிடிக்கும். கிளினிக்கில் டொக்டர், என்ன தூசு என்று கேட்டிருக்கிறார். அடுத்த தடவை பைக்கற்றையே சிலிசிலி பையில் சுற்றிக் கொண்டுபோனான். டொக்டர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில், இங்கிலீஷில், 'என்சைம்ஸ்', அதாவது நொதியங்கள், என்று ஒரே ஒரு சொல். எந்த நொதியம், எந்த நுண்ணங்கியில் எடுத்தது, எதுவுமில்லை. எதற்கென்று ஒவ்வாமைப் பரிசோதனை எழுதுவது என்று அவர் கேட்டால் மா பிசைகிறவன் என்ன சொல்வான்?

நொதியம் என்றாலே விஷம் என்று கூச்சல் போட நான் வரவில்லை. அரைத்த தேயிலைக் கொழுந்து நிறம் மாறுவதே இலையிலுள்ள நொதியத்தால்தான். பாண் மாவில் சேர்க்கும் அல்பா அமைலேஸ் என்ற நொதியத்தைப் பெரும்பாலும் அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தில் எடுக்கிறார்கள். ஜப்பானில் சோயா சோஸுக்கு வளர்ப்பதும் இதைத்தான். போறணைச் சூட்டில் அது செயலிழந்துவிடும், சாப்பிடுகிறவருக்கு அநேகமாகப் பயமில்லை. தூளாக மூச்சில் இழுக்கிறவன் கதை வேறு. பேக்கரித் தொழிலாளருக்கு இந்த அமைலேசு ஆஸ்துமாவைக் கொடுக்கும் என்பது வைத்தியர்களுக்குப் பழைய செய்தி.

ஐரோப்பாவில் 2008இல் வந்த சட்டத்தின் கீழ், எந்த நுண்ணங்கி, அது நச்சு சுரக்குமா, மரபணுவைக் கெடுக்குமா, அந்தப் புரதம் தெரிந்த ஒவ்வாமைப் புரதங்களை ஒத்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். பல நொதியங்களை எலிகளுக்கு 90 நாள் கொடுத்தும் பார்க்கிறார்கள். எங்கள் பேக்கரிக்கு வரும் பைக்கற்றை இங்கே யார், எதை வைத்துப் பார்த்தார்கள்? பார்த்திருந்தால் அந்த முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். பைக்கற்றில் நொதியத்தின் பெயரையும் நுண்ணங்கியின் பெயரையும் தமிழிலும் போட வையுங்கள்.

நாங்கள் பறிக்கும் கொழுந்து கப்பலேறும்போது எந்தத் தோட்டம், எந்த உயரம், தரம் பி.ஓ.பி.எஃப்.பா பெக்கோவா என்று வாங்குகிறவனுக்கு ஒன்று விடாமல் சொல்கிறீர்கள். மலைக்கு ஏறி வரும் தூளுக்கு மட்டும் ஒரு சொல் போதுமாம். எலெக்‌ஷன் நோட்டீஸ் என்றால் தமிழ் தன்னால் வந்துவிடுகிறது!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது பெரிய காரியமில்லை: பைக்கற்றில் பெயர்கள், தூசு மூச்சில் போகக்கூடாது என்ற எச்சரிக்கை, இரண்டும் தமிழில். அதுவரைக்கும் இம்ப்ரூவரைக் கையாளுகிறவர்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுக்கும்படி பேக்கரி முதலாளிமாருக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். தம்பிக்கு அடுத்த மாதம் திரும்பவும் கிளினிக் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் ஒரு பதில் தந்தால் டொக்டரிடம் காட்டலாம்.

இப்படிக்கு,
பேக்கரித் தொழிலாளி ஒருவரின் அக்கா,
ஹட்டன்