மாஜிஸ்திரேட் நாற்காலியில் பாதிரியார்

விக்டோரியா கால இங்கிலாந்துக் கிராமங்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் தொடர்களைத் தமிழ் வசன வரிகளோடு விடாமல் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். கொடி படர்ந்த ஆலயம், மறதிக்காரப் பாதிரியார், அவர் மகள்களின் கல்யாணக் கவலை, புல்வெளியில் தேநீர் என்று எல்லாம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தத் தேநீருக்கான காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு பாத்திரமாவது கேட்டதுண்டா?

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ஆலயத்துக்கு என்பது பழைய வழக்கம். 1836ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தானிய விலையோடு ஏறி இறங்கும் பணமாக மாற்றியது. ஆகவே பல ஊர்களில் கோதுமை விலை ஏறினால் பண்ணையாருக்கும் ஆதாயம், பாதிரியாருக்கும் ஆதாயம். கோதுமையை அறுத்தவன் வீட்டிலோ ரொட்டி விலைதான் ஏறும்.

வார்விக்‌ஷயரில் பார்ஃபோர்டு என்றொரு கிராமம். 1826இல் அங்கே பிறந்த ஜோசப் ஆர்ச், சிறுவனாக இருந்தபோது ஆலயக் கதவின் சாவித்துவாரம் வழியாக நற்கருணை வழிபாட்டைப் பார்த்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முதலில் ஊர்ப் பெரிய நிலக்கிழார் போனார். பிறகு பண்ணையார்கள், அவர்களுக்குப் பின் கடைக்காரர்களும் கைவினைஞர்களும், கடைசியில் முரட்டு மேலங்கி அணிந்த கூலிகள். கடவுளின் பந்தியிலும் வரிசை! வசனமே இல்லாமல் எடுக்கக்கூடிய காட்சி இது. ஏன் இதுவரை யாரும் எடுக்கவில்லை?

இந்த ஆர்ச்தான் 1872 பிப்ரவரியில் வெல்ஸ்போர்ன் ஊரில் ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் கூலிகளைத் திரட்டிச் சங்கம் தொடங்கினார். அந்த ஆண்டே குளோஸ்டர் ஆயர் எலிகாட் ஒரு கூட்டத்தில் பேசும்போது, சங்கம் சேர்க்க வருவோரைக் குதிரைக் குட்டையில் முக்கலாம் என்று ஜாடையாகச் சொல்லிவைத்தார். ஆயர் வாயில் இந்த நகைச்சுவை! நீங்களாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்று வெட்டியிருப்பார்கள்.

எல்லாப் பாதிரியார்களும் அப்படியில்லை. டார்வினின் ஆசானான ஹென்ஸ்லோ, சஃபோக்கின் ஹிட்சம் கிராமத்தில் கூலிகளின் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். கூலிகளுக்குச் சிறு தோட்ட நிலம் கொடுத்ததற்காகப் பண்ணையார்களின் பகையைச் சம்பாதித்தார். டெவன் பகுதி ஹால்பர்ட்டனில் இருந்த கர்டில்ஸ்டோன் இன்னும் ஒரு படி மேல். அங்கே வாரக்கூலி எட்டு ஷில்லிங்கும் குடிக்கக் கொஞ்சம் ஆப்பிள் மதுவும். 1866இல் மாடுகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது, கூலிகளை மாடுகளைவிடக் கேவலமாக நடத்தியதற்குத்தான் இந்தத் தண்டனையோ என்று பண்ணையார்களைப் பார்த்துப் பிரசங்க மேடையிலிருந்தே கேட்டார். கேட்டதோடு விடவில்லை. கூலி அதிகம் கிடைக்கும் வடக்கு மாவட்டங்களுக்கு நூற்றுக்கணக்கான கூலிகளை, பலரைக் குடும்பத்தோடு, ரயிலேற்றி அனுப்பினார். ஊர் எல்லையைத் தாண்டியறியாதவர்கள் அவர்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எங்கே இறங்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதியும் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ரயில் நிலையம் உங்கள் கேமராவுக்கு எட்டாத தூரத்திலா இருக்கிறது?

என் வேண்டுகோள் வேறொரு கதைக்காக. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அஸ்காட்-அண்டர்-விச்வுட். 1873 மே மாதம், சங்கத்தில் சேர்ந்த கூலிகள் வேலைநிறுத்தத்தில் இருக்க, பண்ணையார் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு இளைஞர்களை வேலைக்கு அழைத்துவந்தார். ஊர்ப் பெண்கள் வழிமறித்து, வேலைக்குப் போகாதீர்கள் என்று தடுத்தார்கள். வழக்கு சிப்பிங் நார்ட்டனுக்குப் போனது. விசாரித்த கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் இருவர். இருவருமே அக்கம்பக்கத்துப் பாதிரியார்கள். பதினாறு பெண்களுக்குக் கடுங்காவல்: சிலருக்கு ஏழு நாள், சிலருக்குப் பத்து நாள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. செய்தி பரவியதும் கூட்டம் கூடிக் காவல் நிலையக் கண்ணாடிகளை உடைத்தது. இரவோடு இரவாகப் பெண்களை வண்டியிலேற்றி ஆக்ஸ்ஃபோர்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள். நாடே கொதித்தது. பாதிரியார்கள் மாஜிஸ்திரேட்டாக இருக்கலாமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

இதை எடுங்கள். அந்த இரண்டு பாதிரியார்களையும் வில்லன்களாக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நல்ல பிரசங்கம் செய்து, குளிர்காலத்தில் ஏழைகளுக்குச் சூப்பும் நிலக்கரியும் கொடுத்தனுப்பக்கூடிய கண்ணியமான மனிதர்களாகவே காட்டுங்கள். அப்போதுதான் தீர்ப்பு உறைக்கும். பட்டுடை இல்லாமல் தொடர் விற்காது என்று உங்கள் உடையலங்காரத் துறை முறையிட்டால், அதற்கும் வழியிருக்கிறது: விடுதலையான பெண்களுக்குச் சங்கம் ஆளுக்கு 5 பவுண்டும் நீலப் பட்டும் கொடுத்துக் கௌரவித்தது.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களை இனியும் பார்க்கவிருக்கும் ஒரு பார்வையாளன்