குளமா, குலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர்ப்புற வாட்ஸ்அப் குழுக்களில் மூளும் சண்டைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குழப்பம் விளைவிப்பவரை நிர்வாகி உடனடியாகக் குழுவிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று கட்டுரையாளர் யோசனை கூறியிருந்தார். அதைச் செய்து பார்த்தவன் நான். அதனால் விளைந்ததையும் கண்டவன். அந்த யோசனை தவறானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

சேரன்மகாதேவி வட்டாரத்தில், கன்னடியன் கால்வாயில் தண்ணீர் பெறும் ஒரு குளத்தின் பாசனக்காரர்கள் வைத்திருக்கும் குழுவுக்கு நான் நிர்வாகிகளில் ஒருவன். மூன்று ஊர்களையும் பல சமுதாயங்களையும் சேர்ந்த 180 பேர் அதில் இருக்கிறார்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா, எந்த மடையில் அடைப்பு, யாரிடம் நாற்று மிச்சம் இருக்கிறது என்பவைதாம் அங்கே நடக்கும் பேச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எந்த வீட்டில் நடக்கமாட்டாத பெரியவர் இருக்கிறார் என்பதையெல்லாம், சிக்னல் கிடைத்த நேரங்களில் இந்தக் குழுவின் வழியாகத்தான் அறிந்துகொண்டோம். ஆகவே, இது பொழுதுபோக்குக்கான குழு அன்று. கெட்டுப்போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடியதும் அன்று.

கார் பருவ நெல் சாகுபடி தொடங்குவதற்கு முன்பு, ஒரு வைகாசி மாத இரவில், எழுபது வயதை நெருங்கும் எங்கள் செயலாளர் மடை பழுதுபார்ப்பது குறித்து ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மேல்குளத்துக்காரர்கள் தனியே கூடிப் பேசியிருந்ததால், "நம் குளத்தார் மட்டும் கூட்டத்துக்கு வரவும்" என்பது அவர் சொல்ல நினைத்தது. கைப்பேசியில் தமிழ் எழுத்துகளை அடிக்கும் பழக்கம் இல்லாத காரணத்தால் ஆங்கில எழுத்துகளில் அதை அடித்தார். ஆங்கில எழுத்துக்கு லகர, ளகர வேறுபாடு ஏது? குளத்தார் என்று அவர் அடித்ததைக் குலத்தார் என்று பலர் படித்துவிட்டார்கள். எங்கள் பகுதியில் அந்த ஒரு சொல் என்னவெல்லாம் செய்யும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் கேட்டவர் ஓர் இளைஞர். "என்னவே எழுதியிருக்கீரு?" என்றுதான் கேட்டார். எங்கள் பக்கத்தில் "வே" என்பது ஒத்த வயதினர் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து பேசும்போது உரிமையும் நெருக்கமும் கலந்த சொல். அதுவே முகமும் குரலும் இல்லாமல், வயதில் மூத்தவருக்கு, 180 பேர் பார்க்க எழுத்தில் போனபோது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. செயலாளரின் உறவினர்கள் பதிலுக்கு எழுதினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மடையை எல்லோரும் மறந்துவிட்டு, பழைய கணக்குகளையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். இரவு பத்தரை மணிக்கு நான் அந்த இளைஞரை நீக்கினேன்.

ஏன் நீக்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழுவில் யாராவது தவறாக எழுதினால் நிர்வாகியின்மேல் வழக்கு வரும் என்ற அச்சம் என்னைப் போன்ற பலருக்கு உண்டு. குழுவின் நிர்வாகியாக இருப்பது ஒன்றையே காரணமாகக் காட்டி, இன்னொருவர் இட்ட பதிவுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க இயலாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் தெளிவுபடுத்தியிருப்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த அவசரம் இருந்திருக்காது. நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவை மாற்றிவைக்கும் வசதி என் கையிலேயே இருந்தது. யாரையும் அவமதிக்காமல் விடியும்வரை எல்லோரையும் ஒருசேர அமைதியாக இருக்கச் செய்திருக்கலாம். அனுப்பிய செய்தியைப் 15 நிமிடங்களுக்குள் திருத்திக்கொள்ள முடியும் என்பது செயலாளருக்கும் தெரியவில்லை.

நகரத்தில், முகம் தெரியாதவர்கள் கூடியிருக்கும் குழுவில் ஒருவரை நீக்கினால் அத்துடன் முடிந்துவிடலாம். ஒரே மடைத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்பவர்களிடையே அது முடிவதில்லை. நீக்கப்பட்ட அறிவிப்பை எல்லோரும் பார்க்கிறார்கள். மறுநாள் காலையில் அவரும் நானும் ஒரே வரப்பில் எதிரெதிரே நடந்தாக வேண்டும். ஊர்விலக்கு என்ற சொல்லின் கசப்பை இன்னும் மறக்காத மண்ணில், ஒருவரை வெளியே தள்ளுவது எத்தகைய காயத்தைக் கீறிவிடும் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

விடிந்ததும் செயலாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். "ஐயையோ, நம்ம குளம்லா அது, மடை வேலைக்குலா கூப்பிட்டேன்" என்று அவர் பதறிய குரலைக் கேட்ட அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இரவு முழுவதும் எழுதித் தீராதது அரை நிமிடத்தில் தீர்ந்தது. அவரையும் அழைத்துக்கொண்டு அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனேன். அவர் செயலாளரின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். தாம் எழுதியதற்காக வருத்தமும் தெரிவித்தார். என்னிடம் மட்டும் அவர் சொன்னது வேறு: "அண்ணாச்சி, என்னய நீக்குனத நூத்தி எம்பது பேரு பாத்தாங்க. நீங்க வருத்தப்படுதத நான் ஒருத்தன்தான பாக்கேன்?"

அவர் கேட்டது முற்றிலும் நியாயம். தனியாகப் பேசித் தெளிய வேண்டியதைப் பொதுவில் வைத்து அடித்துக்கொண்டோம். பொதுவில் செய்த அவமதிப்பைத் தனியாகச் சென்று ஆற்றிவிடலாம் என்று எண்ணினேன். இரண்டும் தலைகீழ். அன்று மாலையே அவரைத் திரும்பச் சேர்த்து, நான் செய்தது தவறு என்று என் சொந்தக் குரலிலேயே குழுவில் பதிந்தேன். செயலாளரும் தம் அறிவிப்பைக் குரலில் மீண்டும் வெளியிட்டார். குரலில் ளகரம் ளகரமாகவே ஒலித்தது.

அதன் பிறகு நாங்கள் வழக்கத்தில் வைத்திருப்பது மிகச் சிறிய ஏற்பாடுதான். கூட்டம், தண்ணீர் முறை, வரி போன்ற அறிவிப்புகள் தமிழ் எழுத்தில் அல்லது குரலில் மட்டுமே வர வேண்டும். யாருடைய செய்தியாவது மனத்தை உறுத்தினால், குழுவில் பதில் எழுதுவதற்கு முன்பு எழுதியவரிடமே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். எல்லோரும் எல்லா நேரமும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். சென்ற பிசானப் பருவ நெல் சாகுபடியின்போது தண்ணீர் முறை பற்றி ஒரு வாக்குவாதம் எழத்தான் செய்தது. ஆனால் அது குளத்தங்கரையில் நேருக்கு நேர் நடந்து, அங்கேயே முடிந்துபோனது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக்கொள்ளும் முறையையும், அனுப்பிய செய்தியைத் திருத்தும் முறையையும் முதியவர்களுக்கும் விளங்கும்படி பெரிய எழுத்தில், படங்களுடன் தங்கள் இதழில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். அதைப் படியெடுத்து எங்கள் மூன்று ஊர்களின் டீக்கடைகளிலும் உரக்கடையிலும் ஒட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
ஒரு பாசனக் குழு நிர்வாகி,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.