சிவப்பு உடலும் கறுப்பு உடலும்

ஆரியங்காவு,
ஐப்பசி மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்; பிற்பகலானால் மழை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

சென்ற மாதம் நான் அனுப்பிய வண்ணத்துப்பூச்சிப் படத்தில் இருப்பது சிவப்புடல் அழகி என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது தவறு. உங்களுக்குச் சந்தேகமாக இருப்பதாக நீங்கள் எழுதியபோது, நாற்பது ஆண்டுகளாகக் காட்டோரம் குடியிருப்பவனுக்குத் தென்காசியிலிருந்து பாடமா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. இன்று காலை அந்தக் கோபம் போய்விட்டது.

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழைக்குப் பின் ஒன்பது மணியளவில் வெயில் வந்ததும், பாலருவிக்குப் போகும் பாதையில் நடந்தேன். வழியோரத்து உண்ணிச்செடியில் ஒரே மாதிரி இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் பூவுக்குப் பூ தாவித் தேன் குடித்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் கரிய முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். ஒன்றின் தலையும் வயிறும் குங்குமத்தில் தோய்த்ததுபோல் சிவந்திருந்தன. மற்றதன் உடலோ முழுக்கக் கறுப்பு. முதலாவதுதான் சிவப்புடல் அழகி. இரண்டாவது, உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பிறக்கிற கறிவேப்பிலை அழகியின் பெண்! சிறகை மட்டும் பார்த்து இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். கையைச் சற்று அசைத்ததும் அந்தக் கறுப்புடல்காரி விருட்டென்று பறந்துவிட்டது. சிவப்புடல்காரி, தன்னை யார் தொடப்போகிறார்கள் என்பதுபோல், மெல்லச் சிறகடித்து அடுத்த பூவுக்குப் போனது.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருக்கிறது. சிவப்புடல் அழகியின் புழு ஈசுவரமூலிக் கொடியைத் தின்று வளர்கிறது. அக்கொடியின் நஞ்சு பூச்சியின் உடலிலும் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்த நிறத்தை நெருங்குவதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண், அந்தச் சிறகின் சாயலை மட்டும் இரவல் வாங்கிப் பிழைத்துக்கொள்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை, இவ்வினப் பெண்கள் எல்லாம் ஒரே வேடம் போடுவதில்லை: சில சிவப்புடல் அழகியைப் போலவும், சில ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவும், சில தம் இனத்து ஆணைப் போலவே பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடும் இருக்கும். வேறு வேறு உருவங்கொண்ட பெண்கள் ஒரே இனத்தவையே என்று இயற்கையியலாளர் வாலஸ் 1865-இலேயே எழுதியிருக்கிறார். இந்த வேடங்களை எல்லாம் ஒரே மரபணு ஆட்டிவைக்கிறது என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் நிறுவினார்கள்.

அடர்காட்டுக்குள் போனால் இந்தச் சிக்கல் குறைவு. பொன்னழகியின் பின்சிறகு மஞ்சளை எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மர உச்சியில் வெள்ளைக் காகிதம்போல் மிதக்கிற பூச்சியை இங்குள்ளவர்கள் வனதேவதை என்கிறார்கள். அதன் பறப்பே பெயரைச் சொல்லிவிடும். கேரளத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியான புத்தமயூரிதான் இந்த ஆண்டும் எனக்குக் கண்ணில் படவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் சின்னப் புழுக்களை மதினி கிள்ளி எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவைதாம் பிறகு பச்சையாகி, தொட்டால் சிவந்த கவட்டைக் கொம்பை நீட்டி வாடை வீசும். பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

கார்த்திகையில் மழை சற்று விட்டதும் செங்கோட்டை வழி ரயிலில் ஒருநாள் வந்துவிடுங்கள். வரும்போது நம் பழைய குறிப்பு நோட்டையும் எடுத்து வாருங்கள். அதில் சிவப்புடல் அழகி என்று நான் எழுதிவைத்தவற்றில் எத்தனையை அடிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரன்