ஏழு நாவலும் ஏழு காலண்டர் தாளும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

பார்சலில் ஏழு நாவல் இருக்கிறது. இந்த வருஷம் படித்ததில் உனக்கென்று எடுத்து வைத்தவை. "நாவல் எடுத்தா அம்பது பக்கத்துக்கு மேல ஓட மாட்டேங்குதும்மா" என்று நீ போனில் சொன்னது மனசிலேயே இருந்தது. கண்ணு, ஒவ்வொரு நாவலிலும் படிக்கிறவர் கால் தடுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. பாதிப் புத்தகங்கள் அந்த இடத்தில்தான் மூடப்படுகின்றன. அது எங்கே என்று முன்னாலேயே தெரிந்தால் தாண்டிப் போய்விடலாம். அதைத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு தினசரி காலண்டர் தாள் செருகி இருக்கிறேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் ஆட்களின் பெயர் எழுதியிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் மட்டும்: யாருடைய பிள்ளை, என்ன தொழில், எந்தப் பக்கத்தில் முதலில் வருகிறார். புதுப் பெயர் வந்தால் நீயும் பென்சிலால் சேர்த்துக்கொள். எல்லாவற்றையும் குறித்துவைக்கப் பார்க்காதே. தாள் நிரம்பிப் போனால் அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலில் பிரிக்க வேண்டியது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977-இல் வந்த சின்ன நாவல். மணப்பாட்டுக் கடற்கரை. குரூஸ் மிக்கேல் என்ற மீனவர், அவர் மகள் பிலோமி. வல்லத்தை, அதாவது நாட்டுப் படகை, விற்றுவிட்டு வரச் சொல்லி மகன் கேட்கிறான், அப்பனுக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் வல்லக்காரர்களுக்கும் விசைப்படகு வைத்திருக்கிற லாஞ்சுக்காரர்களுக்கும் சண்டை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் வளர்ந்த உனக்கு அந்தச் சண்டையை யாரும் விளக்க வேண்டாம். இதில் எனக்குப் பிடித்தது அதன் மென்மை. இவ்வளவு கஷ்டப்படுகிற மனிதர்கள் ஒருவரை ஒருவர் வெறுக்கவே தெரியாதவர்கள் போல இருக்கிறார்கள். இரண்டு நாள் சாயங்காலத்தில் முடித்துவிடுவாய்.

இதை முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்தது ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. 2004-இல் வந்தது, 500 பக்கத்துக்கு மேல். அதுவும் தெற்குக் கடற்கரைதான், பரதவர் வாழ்க்கைதான். நேராக அதை எடுத்தவர்கள் பலர் முதல் நாற்பது பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் இரண்டு. ஒன்று, பேச்சு வழக்கு. சென்னைக் கரையின் கடல் வார்த்தை வேறு, அந்தக் கரையின் வார்த்தை வேறு. காற்றின் பெயர்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்: வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. மற்றதெல்லாம் படிக்கப் படிக்க வந்துவிடும். அகராதியைத் தேடி எழுந்து போனால் அலை அறுந்துவிடும். இரண்டாவது காரணம், ஆண்டுகள். 1985-இல் கடலில் தத்தளிக்கிற சூசை, கோத்ரா, சிலுவை மூவரிடமும் கதை திரும்பத் திரும்ப வரும். நடுவில் 1933-இலிருந்து ஊரின் கதை நகர்ந்து வரும். அத்தியாயத்துக்கு மேலே ஆண்டைப் பார்க்காமல் படித்தால் செத்தவர் உயிரோடு நடமாடுவது மாதிரி இருக்கும். ஆண்டைப் பார்த்துவிட்டுப் படி, அவ்வளவுதான். காகு சாமியார் வரும் பக்கங்களை மட்டும் அவசரப்படாமல் படி. ஒரு மனிதர் ஓர் ஊரைப் படிக்க வைக்கவும் பசியாற்றவும் எப்படி ஓடியாடுகிறார் என்று தமிழில் இவ்வளவு அன்போடு எழுதிய இடங்கள் குறைவு.

இப்போது நீ பயப்படுகிற ருஷ்யப் புத்தகம். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு. முதல் தடுமாற்றம் பெயர். ஒரே பெண்ணை ஓரிடத்தில் துனியா என்பார்கள், இன்னோரிடத்தில் அவ்தோத்யா ரொமானோவ்னா என்பார்கள், நீ இரண்டு பேர் என்று நினைப்பாய். நடுவில் வருவது அப்பா பெயர். நம் இனிஷியல் மாதிரிதான். நாம் அதை எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், அவர்கள் மரியாதைக்கு முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ரொமான் என்பவரின் மகன் ரொமானோவிச், மகள் ரொமானோவ்னா. ஆக, கதாநாயகன் ரொமானோவிச் ரஸ்கோல்நிகோவும் ரொமானோவ்னா துனியாவும் அண்ணன் தங்கை என்பது பெயரிலேயே இருக்கிறது. செல்லப் பெயரில் கூப்பிட்டால் வீட்டு மனுஷர், அப்பா பெயரோடு கூப்பிட்டால் தள்ளி நிற்கிற மரியாதை. இது பிடிபட்டால், ஒருவர் திடீரென்று கூப்பிடும் விதத்தை மாற்றும்போது மனசு மாறிவிட்டது என்று உனக்கே தெரியும்.

இரண்டாவது, கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்கும் கதை என்று நினைத்து எடுப்பது. நாவல் ஆறு பாகம், பின்னால் ஒரு முடிவுரை. கொலை முதல் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது, அதுவும் நம் கண்ணெதிரே. மிச்ச ஐந்து பாகமும் கொலை செய்த ரஸ்கோல்நிகோவின் மனசுக்குள் நடப்பதுதான். இரண்டாம் பாகத்தில் அவன் ஜுரத்தில் பிதற்றுகிற பக்கங்களில்தான் பலர் கைவிடுகிறார்கள். அங்கே ஒரே மூச்சில் உட்காராதே. நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும், ஏழு நாளில் கடந்துவிடலாம். ருஷ்யா என்றதும் பனியை நினைக்காதே. கதை ஜூலை மாதப் புழுக்கத்தில், சுண்ணாம்பும் தூசியும் நாறும் தெருவில் நடக்கிறது. முடிவுரையை விட்டால் மொத்தமே ஏறக்குறைய இரண்டு வாரம். அவன் அறையிலிருந்து, அவன் கொல்லப்போகும் அடகுக்காரக் கிழவி வீட்டுக்கு 730 எட்டு. நம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் தூரம் என்று வைத்துக்கொள். அதை அவன் எண்ணி வைத்திருக்கிறான் என்பதுதான் என்னை உலுக்கியது.

முதல் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் அவன் அம்மாவின் கடிதம் வரும். பக்கம் பக்கமாகப் போகும். நிறைய பேர் தாண்டிவிடுவார்கள், நீ தாண்டாதே. அந்த அம்மா நல்ல செய்தி மாதிரியே எல்லாவற்றையும் எழுதுகிறாள்: தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது, மாப்பிள்ளை லூஷின் வசதியானவர், உனக்கும் உதவுவார். ஆனால் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் அடுத்த வரியில் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். கொஞ்சம் கடுகடுப்பு மாதிரி தெரியும், ஆனால் அப்படி இருக்காது என்பது போல. துனியா ராத்திரி முழுக்கத் தூங்காமல் அறைக்குள் நடந்தாள், கடைசியில் மண்டியிட்டு ஜெபம் செய்தாள், காலையில் சம்மதித்தாள் என்பதையும் சந்தோஷச் செய்தியோடு சேர்த்தே எழுதிவிடுகிறாள். நான்காம் அத்தியாயத்தில் மகன் அந்தக் கடிதத்தை வரி வரியாகப் பிரித்து, தனக்காகத் தங்கை விற்கப்படுகிறாள் என்று கண்டுகொள்கிறான். அந்த இரண்டு அத்தியாயத்தையும் அடுத்தடுத்து ஒரே நாளில் படி. இந்த வருஷம் நான் படித்ததில் இதைவிடக் கூர்மையான எழுத்து வேறு இல்லை.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தது. தலித் மக்கள் வாழும் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. வாசல் வாசலாகப் போய்ச் சோறு வாங்கியும் களத்தில் தானியம் வாங்கியும் வாழ்கிறவள். இதைக் கண்ணால் மட்டும் படித்தால் ஒரே புலம்பலாகத் தெரியும். வாய்விட்டுப் படித்தால்தான் அதில் ஒப்பாரியின் இழுப்பும் ஏற்ற இறக்கமும் கேட்கும். கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் காலத்தில் துணி வெளுத்தவர்களை வைத்துத்தான் நம் வண்ணாரப்பேட்டைக்கே பெயர் வந்தது. அந்தப் பெயரைத் தினமும் பஸ் போர்டில் பார்க்கிற நாம் இந்த நாவலைப் படித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) ஒரு ராத்திரியில் முடியும். ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கை, குழாயில் தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெரு. தண்ணீருக்கு உள்ளர்த்தம் தேடிக்கொண்டு படிக்காதே. குடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நடை, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கோடு படி. லாரித் தண்ணிக்கு வரிசையில் நின்ற தெருக்காரருக்கு அது போதும்.

வங்காள எழுத்தாளர் தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமி தமிழில். நாடி பார்க்கும் கிழ வைத்தியர் ஜீவன் மஷாய்க்கும் இங்கிலீஷ் வைத்தியம் படித்து வந்த இளம் டாக்டருக்கும் நடுவில் நடக்கும் கதை. நிதானமாகத்தான் போகும், நூறு பக்கம் பொறு. பெற்ற மகனின் நாடியைப் பிடித்து அவன் பிழைக்க மாட்டான் என்று அறிந்துகொள்கிறார் பார், அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். யார் வைத்தியம் சரி என்று நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே இந்த வருஷத்தின் முதல் இடம் இதற்குத்தான்.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) கடைசிக்கு இருக்கட்டும். ஜே.ஜே கற்பனை எழுத்தாளன், பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு இறந்த மறுநாள் இறந்ததாக எழுதியிருப்பதைப் பார்த்து நெட்டில் தேடாதே. முதல் பாதி பாலு சொல்வது, பின்பாதி ஜே.ஜேயின் டைரி. டைரியை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, தினம் நான்கு பக்கம் போதும். மூளைக்கு நல்ல வேலை, மனசுக்குக் கொஞ்சம் தூரம். அது என் அபிப்பிராயம், நீ வேறு சொல்லலாம்.

மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலைக் கேட்டிருந்தாய், இப்போது அனுப்பவில்லை. அங்கே தாத்தா பெயரே பேரனுக்கு, கர்னலுக்குப் பிறந்த 17 பிள்ளைகளுக்கும் அவ்ரேலியானோ என்றே பெயர். வம்ச வரைபடம் ஒரு முழு வெள்ளைத் தாளில் போட்டுக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் சேர்த்து அனுப்புகிறேன்.

தடித்த புத்தகத்தை நடுவில் பிளந்து திறக்காதே, பசை விட்டுவிடும். மேஜைமேல் முதுகை வைத்து, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றி மெதுவாக அமுக்கி நடுவுக்கு வா. 'ஆழி சூழ் உலகு' அட்டையில் ஒரு மூலை கொஞ்சம் ஊறியிருக்கும். இங்கே கடல் காற்றில் சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் அப்படித்தான் ஆகிறது, இப்போது நான்கு விரல் தள்ளி வைத்துவிட்டேன்.

'கடல்புரத்தில்' படிக்கும்போது தெரியாத மீன் பெயர் வந்தால் காலண்டர் தாளில் குறித்து வை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல், காசிமேட்டில் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்
அம்மா