கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மாவுக்கு

கொழும்பு,
ஆகஸ்ட் 2022

அன்புள்ள அம்மாவுக்கு, தோத்திரம்.

“இலங்கையில் இவ்வளவு தட்டுப்பாடு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு, நம் தமிழ்நாட்டு நாசரேத்துக்கே வந்துவிடு” என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் வரவில்லை அம்மா. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஜூனில் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய், அதுவும் கிடைக்கவில்லை. உங்கள் மருமகன் ஆட்டோவை வரிசையில் போட்டுவிட்டு இரண்டு இரவு அதற்குள்ளேயே தூங்கினார். கேஸும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. சின்னவன் பால் கேட்டான். வெறுந்தேத்தண்ணிதான் கொடுத்தேன். அன்றைக்கு நன்றாக அழுதேன்.

அந்த ஞாயிறு கோயிலில் போதகர் வேதாகமத்தில் புலம்பல் புத்தகத்தை எடுத்தார். பாபிலோனியரிடம் எருசலேம் விழுந்த பிறகு பாடியது. பிள்ளைகள் அப்பம் கேட்கிறார்கள், கொடுக்க ஆளில்லை என்று நாலாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்த்தருடைய கிருபைகள் “காலைதோறும் புதியவைகள்” என்று இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள் சொல்லிக்கொடுத்த வசனம்! இவ்வளவு பசிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது என்று இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை அம்மா. பசி தீர்ந்த பிறகு பாடிய நன்றிப் பாட்டு இல்லை அது. பாடினவன் பசியோடு இருந்தே ‘உமது உண்மை பெரியது’ என்று சொல்லியிருக்கிறான்.

அந்தக் கிருபைக்கு எபிரெயத்தில் ‘கெசெத்’ என்று பெயராம். உடன்படிக்கை செய்தவர் விடாமல் பிடித்துக்கொள்ளும் அன்பு. ஜனங்கள் உடன்படிக்கையை மீறினார்கள், அவர் மீறவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்தால், கீழ்வீட்டுச் சிங்கள அக்கா முற்றத்தில் விறகடுப்பு மூட்டியிருந்தாள். தன் சோறு வெந்ததும் எங்கள் பானையை வாங்கி ஏற்றினாள். அன்றிலிருந்து கேஸ் கிடைக்கும் வரை தினமும் அப்படித்தான். ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. மே மாதம் சென்னையிலிருந்து 9,000 டன் அரிசியோடு கப்பல் வந்ததே, அதில் ஒரு மணிகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனாலும் நம்மாட்கள் அனுப்பியது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கும் முறையில் ஆட்டோவுக்கு வாரம் 5 லிட்டர் பெட்ரோல். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வானத்திலிருந்து வந்த மன்னாவை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு என்று அளந்த கதைதான் நினைவு வருகிறது. நாளைக்கென்று எடுத்துவைத்தது புழுத்துப்போனதே! நானும் நாளைக்கு என்ன என்று கணக்குப் போடுவதைக் குறைத்திருக்கிறேன். காலையில் எழும்போது அன்றைக்கு உள்ளது வந்துவிடுகிறது அம்மா, சில நாள் அந்த அக்காவின் கையால். அவளையும் இந்தத் தெருவையும் விட்டுவிட்டு எப்படி வருவேன்?

கரண்ட் போகிற நேரம், நிறுத்துகிறேன். ஒன்று மட்டும் எழுதுங்கள். உங்கள் வேதாகமத்தில் புலம்பல் மூன்றுக்கு நேரே பென்சிலால் ஒரு தேதி குறித்திருப்பீர்களே, அது அப்பா நம்மை விட்டுப் போன வருஷமா?

உங்கள் மகள்